பச்சை முனை போக வேண்டும்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி இது. ஒன்பது மாதமாக இதன் மேல் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டிருந்தேன். இன்று திறக்கிறேன், ஏனென்றால் நாளை முதல் நடக்கப்போவது எழுதி வைக்க வேண்டிய விஷயம். எழுதி வைத்தால்தான் பின்னால் யாரும் "அப்படி நான் சொல்லவே இல்லை" என்று நழுவ முடியாது.

நான் அர்த்தநாரி. கோயம்புத்தூர் கணபதியில் முறுக்கு அச்சு செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகத் தர அதிகாரி. என் இலாகாவில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், நான்.

எங்கள் அச்சு ஆறு கை மாறி உருவாகிறது. எவர்சில்வர் குழாயை வெட்டுவது, லேத்தில் அதன் உட்புறத்தைக் கடைவது, கைப்பிடி வெல்டிங், பாலீஷ், அடியில் ஓட்டை போட்ட சில்லு பொருத்துவது, பெட்டியில் போடுவது. மாவை அழுத்தும் தண்டு மட்டும் பக்கத்துப் பட்டறையிலிருந்து வருகிறது. நான் எல்லாம் முடிந்து, பெட்டியில் போடும் முன் பார்ப்பேன். இதில் என்ன புண்ணியம்? இரண்டாவது கையில் கெட்டுப்போன குழாய்க்கு வெல்டிங்கும் பாலீஷும் போட்டுச் சிங்காரித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். நான் அதைத் தூக்கிப் போடுவேன். நாலு பேர் உழைப்பு வீண். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பார்க்க வேண்டும் என்று நான் கத்தாத வருடம் இல்லை. "அண்ணா, நீங்க பாக்கற நேரத்துல நாலு அச்சு செஞ்சர்லாங்" என்பார் முதலாளி திருமூர்த்தி. அவர் அப்பா இருந்தபோதும் இதே பதில்தான்.

இன்று பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். "சரிங்ண்ணா. இந்தத் தீபாவளி ஆர்டர உங்க இஷ்டப்படியே பாருங்க. அறுநூறு அச்சு. பதினாலாந் தேதி சாயங்காலம் லாரி ஏறோணும்." போன வருடம் பன்னிரண்டு அச்சு திரும்பி வந்ததில் அவருக்கும் பயம்.

அந்தச் சந்தோஷத்தில் இந்த வருடம் என் கேஜுக்கும் பூஜை செய்தேன். வழக்கமாக மேசைக்கு மட்டும்தான் பொட்டு வைப்பேன். கேஜ் என்பது உள்ளங்கை நீளத்தில் ஓர் எஃகு உருளை. ஒரு முனையில் பச்சை வளையம், மறுமுனையில் சிவப்பு வளையம். பச்சை முனை குழாய்க்குள் போக வேண்டும். போகாவிட்டால் துவாரம் சிறுத்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு முனை போகக் கூடாது. போனால் அகன்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான் வித்தியாசம். அந்த மயிரிழையில்தான் என் உத்தியோகம் நிற்கிறது. இரண்டு முனையிலும் மூன்று விரலால் சந்தனப் பட்டை, அதன் நடுவில் குங்குமம். பார்க்க நிறைவாக இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. கற்பூரம் காட்டி மிஷின்களை ஓட்டினோம்.

லேத்தில் நிற்பவள் தெய்வானை. பதினாறு வருட அனுபவம். வந்ததும் வராததுமாகக் கழிவுத் துணியை எடுத்து, லேத்துக்கு நேற்று வைத்த சந்தனத்தைத் துடைத்துப் போட்டாள்.

"ஏன் அம்மிணி, அது தானா உதிரோணும். தொடைக்கக் கூடாது."

"சந்தனம் லேத்துக்கு ஆகாதுங்க சார். எண்ணெயில சேந்தா மண்ணாட்டப் புடிச்சுக்கும். சாமி நெத்தியில இருக்கட்டுங்க, உளி வாயில எதுக்கு?"

குறித்து வைக்கிறேன். காலை 9.10 மணி, லேத்தின் சந்தனம் துடைக்கப்பட்டது. துடைத்தவர் தெய்வானை.

அக்டோபர் 3, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் கேஜுக்குப் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

சரித்திரத்தில் முதல் முறையாகக் கடைசல் முடிந்த கையோடு பரிசோதனை. நேற்று தெய்வானை கடைந்தது நூற்றுப் பத்துக் குழாய். நூற்றுப் பத்திலும் பச்சை முனை போகவில்லை. ஒன்றில்கூட இல்லை. இத்தனை வருடமாக நான் சொன்னது ஒரே நாளில் நிரூபணமாகிவிட்டது. பழையபடி கடைசியில் பார்த்திருந்தால் நூற்றுப் பத்தும் பாலீஷ் வரை போயிருக்கும்.

மகிழ்ச்சி என்று எழுதக் கூடாது. கவலை என்று எழுதுகிறேன். கவலையில் மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

தெய்வானை வந்து குழாய்களைத் தடவிப் பார்த்தாள். "எப்பவும் போலத்தான் சார் கடைஞ்சேன். அந்தக் கேஜக் கொஞ்சம் தொடச்சுப்போட்டுப் பாருங்களேன்."

கேஜையே குறை சொல்கிறாள். "மைக்ரோமீட்டர்ல அளந்து பாத்தர்லாங்களா?" என்றும் கேட்டாள். மைக்ரோமீட்டர் ஜூன் மாதம் ரிப்பேருக்குப் போனது, இன்னும் வரவில்லை. தெரிந்தே கேட்கிறாள்.

நூற்றுப் பத்துக்கும் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் குவிக்கச் சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

இன்றும் முழு ரிஜெக்ட். ஒரு கட்டத்துக்குப் பிறகு பார்ப்பது மட்டும் போதாது, அதற்கு முன்னாலும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வெட்டிய குழாயை லேத்துக்கு அனுப்பும் முன் கேஜைப் போட்டேன். நூற்றுக்கு நூறு போகவில்லை.

பாலீஷ் போடும் குப்புராஜ் எட்டிப் பார்த்தான். "கடையாத குழாயில அது எப்படிங்க போகும்? போறதுக்குத்தானுங்க கடையறது."

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதால் அந்த ரிஜெக்டை வாபஸ் வாங்கினேன். பரிசோதனையை வாபஸ் வாங்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

விடுமுறை. வீட்டு டம்ளர் நாலிலும் கேஜைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரியில்லை. இந்த நாட்டில் எதையும் அளவாகச் செய்வதில்லை.

அக்டோபர் 6, திங்கள்

வெல்டிங்குக்குப் பிறகு ஒரு பரிசோதனை, பாலீஷுக்குப் பிறகு ஒன்று, சில்லுக்குப் பிறகு ஒன்று, பெட்டிக்குப் பிறகு ஒன்று. ஆக ஆறு. இதற்கு ஆள் வேண்டும் என்று வெல்டிங்கிலிருந்து மூன்று பேரையும் பாலீஷிலிருந்து மூன்று பேரையும் எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு ஸ்டூல். என் இலாகாவில் இப்போது ஏழு ஸ்டூல்.

கடைசலிலேயே எல்லாம் ஃபெயில் ஆவதால் மற்ற ஸ்டூல்களுக்கு வேலை இல்லை. சும்மா உட்கார வைக்கலாமா? பத்துக் குழாயை ஃபெயிலாகவே எல்லாக் கட்டத்துக்கும் அனுப்பினேன், எங்காவது திருந்துகிறதா என்று பார்ப்பதற்காக. பாலீஷ் வரை திருந்தவில்லை.

கேஜ் ஒன்றுதான். அதனால் ஸ்டூலுக்கு ஸ்டூல் அதைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கண்டபடி கையில் எடுத்தால் சந்தனம் உதிரும் என்று எவர்சில்வர் தட்டில் வைத்துத்தான் அனுப்புகிறேன். குப்புராஜ் தட்டை ஏந்திக்கொண்டு போகிறான். வழியில் சில்லு பொருத்தும் பெண்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒழுங்கு என்பது தானாகவே வருகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

எந்தக் குழாயை எத்தனை முறை பார்த்தோம் என்பதில் குழப்பம் வந்தது. ஆகவே ஸ்டிக்கர். ஃபெயிலுக்குச் சிவப்பு, பாஸுக்குப் பச்சை. பச்சை ஸ்டிக்கர் இன்னும் பிரிக்கவில்லை.

பெட்டிக்கு வரும்போது அச்சின் மேல் ஆறு ஸ்டிக்கர், அச்சே தெரியவில்லை. ஆகவே ஸ்டிக்கரை உரிக்க ஒரு கட்டம். உரித்தபின் பிசின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை. பிசின் இல்லை என்பதற்கு ஒரு ஸ்டிக்கர்.

கொட்டகையில் ஐநூற்று அறுபது குழாய் குவிந்துவிட்டது. அத்தனையும் தெய்வானை கடைந்தது.

அக்டோபர் 8, புதன்

முதலாளி காரணம் கேட்டால் கையில் காகிதம் இருக்க வேண்டும். சீட்டு அச்சடித்தேன். தேதி, எண்ணிக்கை, பிறகு முக்கியமான கட்டம்: 'பிழை நுழைந்த கட்டம்'. இன்று முப்பத்தொரு சீட்டு நிரப்பினேன். எல்லாவற்றிலும் 'கடைசல். தெய்வானை.'

பிறகு அவளுக்கு எழுத்து மூலமாக ஓர் உத்தரவு கொடுத்தேன். பச்சை முனை போகும் வரை கடைய வேண்டும்.

படித்துவிட்டு என் ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், இதுக்கு மேல கடைஞ்சா தண்டு உள்ள லொடலொடன்னு ஆடுமுங்க. கொட்டாயில இருந்து ஒரு குழாய எடுத்துக் கொஞ்சம் மாவு வச்சுப் புழிஞ்சு பாத்தர்லாங்க. அஞ்சு நிமிசந்தான். நானே பக்கத்து மெஸ்ஸுல மாவு வாங்கியாறேன்."

"மாவு நம்ம முறையில இல்ல அம்மிணி."

"முறுக்கு அச்சுதானுங்க செய்யறோம்."

உத்தரவில் கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன். மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

பச்சை முனை போனது. சிவப்பு முனை போகவில்லை. நூற்று ஐம்பது குழாய், நூற்று ஐம்பதும் பாஸ். பச்சை ஸ்டிக்கர் கட்டைப் பிரித்தேன். ஒரே ஓர் உத்தரவில் ஆறு நாள் நோயைக் குணப்படுத்தியிருக்கிறேன். வெல்டிங், பாலீஷ் என்று எல்லா ஸ்டூலிலும் பாஸ். தெய்வானை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரு வாரப் புழக்கத்தில் கேஜின் சந்தனம் ஓரத்தில் உரசிப் போயிருந்தது. வெற்றி கொடுத்த கேஜ் என்பதால் இன்று தாராளமாகவே வைத்தேன். காய்ந்ததும் பழையபடி களை வந்துவிட்டது.

பத்து மணியிலிருந்து மறுபடியும் எல்லாம் ஃபெயில். நேற்றுப் பாஸான குழாயை எடுத்துப் போட்டால் அதுவும் ஃபெயில். தெய்வானை நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி வேலை செய்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நேற்றுக் கடைந்த குழாய் இன்று எப்படி மாறும் என்று குப்புராஜ் கேட்டான். அவனைத் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கொட்டகை நிறைந்துவிட்டதால் இன்றைய குழாய்களை வாசலில் தனியாக அடுக்க வைத்தேன்.

இன்று முப்பத்து மூன்று சீட்டு. மொத்தம் அறுபத்து நாலு.

அக்டோபர் 11, சனி

முதலாளி வந்து பட்டறை நடுவில் நின்றார். விரலை நீட்டி நீட்டி எண்ணினார்.

"பதினேழு பேரு இருக்காங்க. எத்தனை பேருங்ண்ணா செக்கிங்கு?"

"பன்னெண்டு பேருங்க."

"ஸ்டிக்கரு?"

"ரெண்டு பேருங்க."

"அப்பறம் அச்சு செய்யறது யாரு?"

தெய்வானையும் குழாய் வெட்டும் ஆளும் வெல்டிங்கில் மிஞ்சியிருந்த ஒருவனும் அவரைப் பார்த்தார்கள்.

"செவ்வாக்கெழம லாரி வருதுங்ண்ணா. நூத்தம்பது அச்ச வச்சுக்கிட்டு நான் என்ன பதில் சொல்றது? தப்பு எங்கீங்க நடக்குது?"

சீட்டுகளைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லாத்துலயும் ஒரே பேருங்களே" என்றார். காகிதம் பேசும்போது நான் ஏன் பேச வேண்டும்?

தெய்வானை திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொட்டகைக் குவியலைத் திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பழைய இரும்பு லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்து நாலு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணிப்பையில் போட்டாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு லேத்தையும் துடைத்துவிட்டுப் போனாள்.

அவள் வீட்டில் அவள் சம்பாத்தியம் மட்டும்தான், வீட்டுக்காரர் மூன்று வருடமாகப் படுக்கையில் என்று குப்புராஜ் சொன்னான். நான் கேட்கவில்லையே, இவன் எதற்குச் சொல்கிறான்?

அக்டோபர் 12, ஞாயிறு

என் மனைவி கௌசல்யா தீபாவளி முறுக்குக்கு மாவு பிசைந்திருந்தாள். "ஏனுங்க, முறுக்கு அச்சுக் கம்பெனியில இருக்கீங்கன்னுதான் பேரு. நான் இன்னும் எங்கம்மா குடுத்த அச்சுலதான் புழியறேன்" என்று வருடாவருடம் அவள் படிக்கும் பாட்டு. இந்த வருடம் அவள் வாயை அடைப்பதற்காகவே பாஸான அச்சு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். ஆறு பச்சை ஸ்டிக்கர். அவள் வெந்நீரில் ஊறப்போட்டு உரித்தாள்.

மாவை வைத்து எண்ணெய்ச் சட்டிக்கு மேலே பிடித்து அழுத்தினாள். கீழே ஒன்றும் வரவில்லை. தண்டைச் சுற்றி மாவு மேலே கிளம்பி வந்து அவள் வளையலில் ஏறியது.

"ஏனுங்க, இது மேல்முகமாப் புழியுது."

"தலைகீழாப் புடிச்சிருப்ப."

அவள் அச்சை என் கையில் கொடுத்தாள். நான் அழுத்தினேன். மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை முறுக்கு வந்தது. சட்டியில் ஒன்றுகூட விழவில்லை. அவள் என் கையிலிருந்து மாவை வழித்துத் தன் அம்மா கொடுத்த அச்சில் போட்டு மளமளவென்று பிழிந்துகொண்டு போனாள்.

அச்சில் ஏதோ நுணுக்கமான கோளாறு, கேஜைப் போட்டுப் பார்ப்போம் என்று பூஜை அலமாரிக்குப் போனேன். நேற்று அங்கேதான் வைத்திருந்தேன். அலமாரி காலி. தீபாவளிக்காகப் பூஜைச் சாமான் எல்லாவற்றையும் கொல்லையில் குவித்து அவள் காலையிலேயே புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். குத்துவிளக்குக்கும் மணிக்கும் நடுவே என் கேஜ் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் அசரவில்லை. "எத்தனை நாள் சந்தனமுங்க அது? ஓடாட்டம் இறுகிக் கெடந்துது. நகத்துலதான் பேத்தெடுத்தேன். வெரல் வலிக்குது."

கேஜைப் பாஸான அச்சில் போட்டேன். பச்சை முனை விழுந்தது. திருப்பிப் போட்டேன். சிவப்பு முனையும் தொபுக்கென்று விழுந்தது.

ஆகவே புளி எஃகைத் தின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடக் கேஜ் ஓர் எலுமிச்சம்பழ அளவு புளியில் இளைத்துவிட்டது. வேறு விளக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குக் காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போய் உறுதி செய்துவிட வேண்டும். இளைத்த கேஜ் என்றால் ரிஜெக்ட் குழாயிலும் சிவப்பு முனை விழும். விழ வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

விழவில்லை.

முதல் குழாய். பச்சை போனது, சிவப்பு நின்றது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. எல்லாவற்றிலும் பச்சை வழுக்கிக்கொண்டு போகிறது, சிவப்பு வாயிலேயே நிற்கிறது. கேஜ் இளைக்கவில்லை. நானே அதைப் பெருக்க வைத்திருந்தேன். பூஜையன்று ஒரு பட்டை, முதல் வெள்ளி ஒன்று, அடுத்த வெள்ளி தாராளமாக ஒன்று. இந்த டைரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து.

முப்பதாவது குழாயிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. எங்காவது ஒரு குழாய், ஒன்றே ஒன்று, தெய்வானையின் தப்பாக இருக்காதா என்று குவியலைக் குடைந்துகொண்டே இருந்தேன். ஐநூற்று அறுபதையும் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை. அப்படியே குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, வாய்விட்டு அழலாம் போல இருந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாரி வந்துவிட்டது. டிரைவர் கொட்டகைக் கதவைத் திறந்து, "ஏத்திக்கலாங்களா?" என்றான்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். 'ஏத்திக்கப்பா' என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். ஏற்றிவிட்டால் ஐநூற்று அறுபது சாட்சியும் போய்விடும். கேஜ் சுத்தமாகத்தான் இருக்கிறது. கௌசல்யா பட்டறைக்கு வருபவள் இல்லை. வாயைத் திறந்தபடி எத்தனை நேரம் நின்றேனோ, "என்னங்க, பல்லு வலிங்களா?" என்று டிரைவர் கேட்டான்.

"ஏத்தாதே" என்றேன்.

அவன் திட்டிக்கொண்டே போனான். முதலாளி வந்ததும் கேஜைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சந்தனமா?"

"சந்தனமுங்க."

"பன்னெண்டு பேரு ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தீங்களே. ஒருத்தரு கண்ணுக்குமா தெரியல?"

"எல்லாரும் குழாயத்தான் பாத்தோமுங்க. கேஜ் வந்தா கன்னத்துல போட்டுக்கிட்டோம்."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

குப்புராஜின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து இரத்தினபுரிக்குப் போனேன். தெய்வானை வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தாள். சரவணம்பட்டியில் ஒரு பட்டறையில் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"தொடச்சீங்களா சார்?"

"வீட்டுல புளி போட்டுத் தேச்சுட்டாங்க அம்மிணி." "தப்பு என் மேலதான். உன் குழாய் ஐநூத்தி அறுவதும் சரியா இருக்குது. ஒண்ணு விடாமப் பாத்துட்டேன்."

"ஒண்ணு விடாமயா?"

"ஒண்ணு விடாம."

"அப்ப அதுல ஒண்ணாச்சும் என் தப்பா இருக்கோணும்னு பாத்திருக்கீங்க" என்றாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் லேசாக இருமினார்.

அவள் உளியை ஓரமாக வைத்தாள். "வர்றேனுங்க. இன்னும் நாப்பது குழாய் வேணுமில்ல, அறுநூறு ஆகறதுக்கு. ஆனா அந்தச் சீட்டுல எம்பேரு எத்தனை எடத்துல இருக்குது?"

"அறுபத்து நாலு."

"அறுபத்து நாலையும் அடிச்சு எழுதுங்க. எல்லாரு முன்னாடியும், சத்தமாப் படிச்சுட்டே எழுதுங்க."

பதினொரு மணிக்குப் பட்டறை நடுவில், என் பழைய ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். 'பிழை நுழைந்த கட்டம்: பரிசோதனை. அர்த்தநாரி.' முதல் சீட்டுக்கு எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். பத்தாவது சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபதாவதில் குப்புராஜ், பழக்க தோஷத்தில், "போற்றி" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் மொத்தப் பட்டறையும் போற்றி சொன்னது. பரிசோதனை அர்த்தநாரி, போற்றி. முதலாளி ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் சிரிப்பது வெளியே கேட்டது. எனக்கும் நாற்பதாவது சீட்டில் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீரும் வந்தது. தெய்வானை மட்டும் லேத்தில் சாய்ந்துகொண்டு விரல் விட்டு எண்ணினாள்.

முடிந்ததும் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மடித்த காகிதத்தை நீட்டினாள். "அறுபத்தஞ்சாவது ஒண்ணு இருக்குதுங்க சார்."

பச்சை முனை போகும் வரை கடைய வேண்டும் என்று நான் கையெழுத்துப் போட்ட உத்தரவு. அதையும் அடித்தேன். அதன்படி அகலக் கடைந்தவைதான் இப்போது பழைய இரும்புக்குப் போகின்றன. மேல்முகமாகப் பிழியும் அச்சுகள்.

பிறகு செக்கிங் ஸ்டூல்களை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். நான் ஸ்டிக்கர் உரித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மாலை ஆறேகாலுக்கு லாரி ஏறியது. அறுநூறு. பெட்டியில் போடும் முன் ஒவ்வொன்றையும் ஒரு முறை பார்த்தேன். பத்துக்கு ஒன்றை எடுத்து மெஸ் மாவு வைத்துப் பிழிந்தும் பார்த்தோம். கீழேதான் வந்தது.

முதலாளி சொன்னார். "இனிமே பழையபடி ஒரே செக்கிங்தானுங்ண்ணா. கடைசியில."

இருபத்திரண்டு வருடச் சண்டை இப்படி முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் லேத் பக்கமிருந்து குரல் வந்தது.

"கடைசல் முடிஞ்சதும் பாக்கோணும்னு சார் சொன்னது தப்பில்லீங்க. கெட்ட குழாய்க்கு எதுக்குப் பாலீஷு? அதையும் பாக்கட்டும். ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கோணும்."

"முன்னாடின்னா? குழாய் வெட்டறதுக்கு முன்னாடியா?" என்றார் முதலாளி.

"அதுக்கும் முன்னாடிங்க" என்று தெய்வானை என் கையைக் காட்டினாள். கேஜ் அதில்தான் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

முறுக்கு நன்றாக வந்திருக்கிறது. மாமியார் அச்சு.

அக்டோபர் 22, புதன்

காலை 8.30. பட்டறை திறந்ததும் நேராக லேத்துக்குப் போய்க் கேஜை நீட்டினேன். தெய்வானை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை முனையைத் துடைத்தாள், சிவப்பு முனையைத் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் துடைத்தாள். குப்புராஜ் தன் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தான்.

கேஜைத் திருப்பிக் கொடுக்கும்போது என் நெற்றியைப் பார்த்தாள். குளித்ததும் வைத்த சந்தனம், மூன்று விரல் பட்டை, நடுவில் குங்குமம். என் கை தானாக அதைத் துடைக்கப் போனது.

"அது இருக்கட்டும் சார்" என்றாள். "அதை எங்கயும் உள்ள உட்டுப் பாக்கப் போறதில்லையே."